கக்கூசுப் பெட்டியை யார் தூக்குவது

மகனுக்கு,

நீ வாங்கிய வோன்வாகன், அந்த இழுவை வீட்டு வண்டி, அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளை நிறம், கூரையில் சோலார் தகடு, பின்னால் எடுக்கும்போது படம் காட்டுகிற கமரா, இரண்டு பக்கமும் திறக்கும் ஜன்னல். காரின் பின்னால் கொழுவிக்கொண்டு எர்லாங்கனிலிருந்து அந்த ஏரிக்கரைக்கு இழுத்து வந்து, ஒரே மூச்சில் நேராக நிறுத்தினாய். பேர்லினில் இத்தனை வருடம் பஸ் ஓட்டிய உன் அப்பாவுக்கே அது ஒருநாளும் வந்ததில்லை. அதெல்லாம் நல்லது. ஆனால் அந்த விடுமுறை முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஏன் என்று நீ கேட்டபோது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நீயும் ஓம் என்றாய். அங்கே பெய்தது முழுக்க மழை. எனக்கு ஒத்துக்கொள்ளாதது நீ.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "ஓமம்மா, ஓமம்மா" என்று கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்கு இதையே கொடுக்கிறேன். நாலு பேர் வாசித்தால் நீயும் வாசிப்பாய். உன் அப்பாவும் வாசிப்பார், வாசிக்கட்டும். உன் மனைவியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "என்ர பேரைப் போடாதேங்கோ மாமி, மிச்சத்தை எழுதுங்கோ" என்றாள். அதனால் ஒருவர் பெயரும் இதில் இல்லை. மலர்க் குழுவினர் என்னிடம் கோவில் திருவிழாவைப் பற்றி எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப் போவது கக்கூசைப் பற்றி. முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், நீ மட்டும் போக ஏலாது.

நாங்கள் கூடாரம் அடித்துத் திரிந்த காலம் உனக்கு இனிப்பாக நினைவிருக்கிறது. உன் கலியாண வரவேற்பில்கூட அதைச் சொன்னாய். கூடாரத்தின் மேல் மழைச் சத்தம், ரோர்ச் வெளிச்சம், அப்பாவின் நண்டுக்கறி என்று. சபை கைதட்டியது. நான் தட்டவில்லை, நீ கவனித்திருக்க மாட்டாய். எனக்குக் கூடாரம் என்றால் ஈரம். ஈரப் படுக்கை, ஈரத் துவாய், ஈரச் சப்பாத்து, சப்பாத்துக்குள் ஓடில்லாத நத்தை. காலையில் காலை விட்டால் குளிர்ந்த சளி மாதிரி ஒன்று விரலிடுக்கில் நசியும். நீ சிரிப்பாய், அப்பா சிரிப்பார். நான் அந்தக் காலோடு கழிப்பறைக் கட்டடத்துக்கு நடப்பேன்.

உன்னைப் பெற்ற பிறகு என்னால் அதிக நேரம் அடக்க ஏலாமல் போய்விட்டது. இதை உனக்குச் சொன்னதில்லை. இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். கூடாரம் அடிக்கிற திடலின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை நடந்து, வரிசையில் நின்று, யாரோ நனைத்துவிட்டுப் போன இருக்கையைத் துடைத்து, யாரோ உதிர்த்துவிட்டுப் போன முடியை மிதிக்காமல் நிற்க வேண்டும். அதிலும் எங்கள் பழக்கத்துக்குக் கடதாசி போதாது, தண்ணீர் வேண்டும். அந்தத் திடல் முழுவதிலும் கையில் தண்ணீர்ப் போத்தலோடு கக்கூசுக்குப் போகிற ஒரே மனுசி நான்தான். ஒருநாள் ஒரு ஜெர்மன்காரி மிகவும் அன்பாக என்னை மறித்து, குடிக்கிற தண்ணீர்க் குழாய் வெளியில் இருக்கிறது, உள்ளே பிடிக்காதே, வயிற்று வருத்தம் வரும் என்று சொன்னாள். நன்றி சொல்லிவிட்டுப் போத்தலை ஜக்கெற்றுக்குள் மறைத்துக்கொண்டு போனேன். நீ அப்போது பந்து விளையாடிக்கொண்டிருந்தாய்.

வோன்வாகன் வேண்டும் என்று கேட்டது நான்தான். அப்பாவின் ஆசை என்று நீ எல்லாருக்கும் சொல்கிறாய், அது பிழை. அவருக்குக் கூடாரமே போதும், அவர் மரத்தடியில் ஒதுங்கி நிற்கக்கூடியவர். என் அரியண்டம் தாங்காமல்தான் சம்மதித்தார். பிராண்டன்பூர்க்கில் ஒரு வயதான தம்பதி தங்கள் பழைய வண்டியை விற்றார்கள். அந்த மனிதர் பிரேக்கைக் காட்டினார், காஸ் குழாயைக் காட்டினார், கடைசியாக ஒரு சின்னக் கதவைத் திறந்து, "கழிப்பறை. நாங்கள் ஒருநாளும் பாவித்ததில்லை" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அலுமாரி அளவு இடம்தான், உட்கார்ந்தால் முழங்கால் கதவில் முட்டும். ஆனாலும் கதவு இருந்தது, பூட்டு இருந்தது, பக்கத்திலேயே தண்ணீர் இருந்தது. கீழே ஒரு பெட்டி. எல்லாம் அதற்குள் விழும். வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்ன மூடியைத் திறந்து பெட்டியை இழுத்தெடுத்து, திடலில் அதற்கென்று இருக்கிற குழியில் ஊற்றிக் கழுவ வேண்டும். மருந்து கொஞ்சம் விட்டுத் திரும்பத் தள்ளினால் வேலை முடிந்தது.

அப்பா வண்டியை நேரே நொய்கெல்ன் கோவிலுக்குக் கொண்டுபோனார். எஞ்சினே இல்லாத வண்டிக்கு வாகன பூசை உண்டா என்று ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய்தார். சில்லுக்கு ஒன்றாகத் தேசிக்காய் வைத்து ஏற்றி நசித்தோம். அதோடு விட்டிருக்கலாம். அடுத்ததாக அவருக்கு ஒரு யோசனை வந்தது. இதுவும் ஒரு வீடு, வீடென்றால் சாமி எங்கே? கட்டிலுக்கு மேலே வைத்தால் கால் நீட்ட ஏலாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மீன் பொரிக்க ஏலாது. கதவுள்ள அறை அந்த வண்டியில் ஒன்றுதான்.

"இஞ்சேருங்கோ, அது கக்கூசு" என்றேன்.

"ஒருத்தரும் இருக்காத இடம் என்னெண்டு கக்கூசாகும்? அந்த மனிசன் சொன்னதை நீரும் கேட்டனீர்தானே. அது சுத்தமான அறை" என்றார்.

மூடியின்மேல் பட்டுத் துணி விரித்தார். பிள்ளையார், முருகன், லட்சுமி, விபூதித் தட்டு, சின்ன மணி. பள்ளி விடுமுறையில் காலையும் மாலையும் நீதான் மணியடித்தாய், உனக்கு அது விளையாட்டு. நான் என் சொந்தக் கக்கூசைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு அந்தக் கோடை முழுவதும் மறுபடியும் போத்தலோடு நடந்தேன்.

வெயில் ஏறிய நாட்களில் அந்த அறையிலிருந்து ஒரு மணம் வரும். அப்பா இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடுவார். இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை ஆண்டு மலர் என்பதால் எழுதாமல் விடுகிறேன். ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் ஏரிக்குப் போன நேரம், வெளி மூடியைத் திறந்து பெட்டியைப் பிடித்து இழுத்தேன். கனத்தது. உள்ளே ஏதோ அசைந்தது. ஒருநாளும் பாவிக்காதவர்களின் பெட்டி. எந்தக் காலத்தில் பாவித்தார்களோ, மறந்து அப்படியே மூடி வைத்திருக்கிறார்கள், நீல மருந்து கறுத்து, தடித்து, கூழாகிக் கிடந்தது. நான் புல்லில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன். எடுத்து முடிய எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு பேரின் கழிவுக்கு மேலே எங்கள் பிள்ளையாரைப் பட்டு விரித்து இருத்தி, கற்பூரம் காட்டி, நான் மட்டும் கிட்டப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன், கொஞ்சம் சந்தோசமாகவே சொன்னேன். மனிதர் வெளிறிப்போனார். ஏரியிலிருந்து அப்போதுதான் வந்தவர் திரும்பப் போய் முழுகினார். படங்களை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டு, "நீர் பாவிக்கிறதெண்டால் பாவியும். ஆனா நீர்தான் ஊத்தோணும். எனக்கு ஏலாது" என்றார். சரி என்றேன். அன்றிலிருந்து அந்தப் பெட்டி என்னுடையது. கழுவுகிற தண்ணீரும் சேருவதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது கெதியில் நிறையும், தினமும் ஊற்ற வேண்டும். பக்கத்து இடத்தில் ஒரு ஓய்வூதியக்காரர் இருந்தார். காலையில் தங்கள் பெட்டியைச் சில்லில் உருட்டிக்கொண்டு, விமானம் பிடிக்கப் போகிறவர் மாதிரி விசிலடித்தபடி வருவார். குழியடியில் எனக்கு "மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லுவார். மனைவிக்கு இடுப்பு வருத்தம் என்று ஒருநாள் சொன்னார், அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிச் சொன்னது. "படிச்ச மனிசன், விடியக் காத்தால பீப்பெட்டி இழுக்குது, பாரும்" என்று உன் அப்பா கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி எனக்குச் சொன்னார். நான் அப்போது எங்கள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. அப்பாவும் உள்ளே போகத் தொடங்கினார். போவதைச் சொல்ல மாட்டார், வருவதையும் சொல்ல மாட்டார். பாவிக்க ஏலும், தூக்க மட்டும் ஏலாது. நீயும் பாவித்தாய், பதினைந்து பதினாறு வயது வரை பாவித்தாய், அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நீங்கள் எழும்புவதற்கு முன்னால் நான் ஊற்றிவிட்டு வந்து கை கழுவித் தோசை சுட்டுவிடுவேன். அது தானாகக் காலியாவது என்று நினைத்து வளர்ந்திருக்கிறாய்.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். நீங்களும் கலியாணம் செய்த புதிதில் கூடாரத்தோடுதான் திரிந்தீர்கள். பிள்ளை வரப் போகிறது என்று தெரிந்ததும் வோன்வாகன் வாங்கினாய். அதைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? என் மகனுக்கு விளங்கியிருக்கிறது என்று நான் வேலை செய்கிற கடையில் எல்லாரிடமும் சொன்னேன். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் ரயிலேறி வந்தேன். நீ ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாய். குளிர்ப்பெட்டி, மடக்கும் மேசை, தண்ணீர் சூடாக்கி. சின்னக் கதவைத் திறந்தாய். உள்ளே உன்னுடைய சைக்கிள் ஜக்கெற்றும் ஹெல்மெற்றும் தொங்கின. மூடியின்மேல் வைன் போத்தல்கள்.

"பெட்டி எங்கை தம்பி?" என்று கேட்டேன்.

"கெல்லரிலை அம்மா, வீட்டுக்குக் கீழை. கழட்டி வைச்சிட்டன். அது ஹைகீனிஷ் இல்லை, படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலை. வாஷ்ஹவுஸ் கிட்டத்தானே இருக்கு, ஷிக்கா, வடிவா இருக்கு, போய்ப் பாருங்கோ."

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். உன் மனைவி வயிற்றில் கை வைத்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு மாதம். உன் அப்பா சாமியைச் சொல்லித் தப்பினார். நீ படித்தவன், சுகாதாரத்தைச் சொல்லித் தப்புகிறாய். சாமிக்கும் சுகாதாரத்துக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டு பேருக்கும் பெட்டி தூக்க விருப்பமில்லை.

இரண்டாம் நாள் காலை நீ பாண் வாங்கச் சைக்கிளில் போய்விட்டாய். மழை. அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்ப, நானும் கூடப் போனேன். அவளால் வேகமாக நடக்க ஏலாது, மெதுவாக நடக்கவும் ஏலாது. உள்ளே ஐந்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் விடுங்கள் என்று கேட்க அவளுக்கு வெட்கம். நான் கேட்க வாய் திறப்பதற்குள் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கீழே பார்த்தேன். காற்சட்டை நனைந்திருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, மழையில் எல்லாருமே நனைந்துதான் இருந்தார்கள். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. குளிக்கிற அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைப் பூட்டினேன். என் கம்பளிச் சட்டையை அவள் இடுப்பில் சுற்றிவிட்டு, காற்சட்டையை அலசினேன். அழாமல்தான் நின்றாள். "அவருக்குச் சொல்லாதேங்கோ மாமி" என்றபோதுதான் அழுதாள்.

ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டேன். அப்போது சொன்னவற்றைத்தான் அவள் எழுதச் சொன்னாள். மசக்கையில் அவள் சத்தி எடுத்த நாட்களில் நீ பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாயாம். வாளியையும் ரப்பர் கையுறையையும் குளியலறை வாசலில் வைத்துவிட்டு, முடிந்ததும் கூப்பிடு என்று சொல்லுவாயாம். கோபமாக இல்லையாம், பண்பாகத்தான் சொல்லுவாயாம். படுக்கையில் அவளுக்கு வியர்த்தால் உன் தலையணையைக் கொஞ்சம் தள்ளி வைப்பாயாம். "அவர் ஒண்டும் சொல்லமாட்டார் மாமி. மூக்கைத்தான் சுருக்குவார். அதைப் பார்த்தா என்னிலை எனக்கே மணக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். பிறகு சொன்னாள்: "பிள்ளை பிறக்கேக்க அவர் உள்ளுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன். அதெல்லாம் பார்த்தா அவர் பிறகு என்னைத் தொடமாட்டார்."

நான் காற்சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது நீ சுடச்சுடப் பாணோடு மேசை விரித்து, கோப்பைகளை வரிசையாக வைத்து, எங்களுக்காகக் காத்திருந்தாய். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாய். நல்ல பிள்ளை மாதிரித்தான் கேட்டாய். நீ வெட்டித் தந்த அந்தப் பாணை வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. அருவருப்பாக இருந்தது, மகனே. பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படி எழுதக் கூடாது என்பார்கள். நான் பெற்ற பிள்ளை என்பதால்தான் எழுதுகிறேன். மூன்று வருடம் உன் பின்பக்கத்தைக் கழுவிய கைக்கு நீ மூக்கைச் சுருக்கும் விதம் பொறுக்கவில்லை.

நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை குறைவு, திட்டிவிட்டுப் போய்விடுவேன். சமைக்கிறாய், உடுப்புத் தோய்க்கிறாய், டெர்மின் நாள் ஒன்றையும் மறக்காமல் அவளை வைத்தியரிடம் கூட்டிப் போகிறாய். ஸ்கேன் படத்தைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாய். சுத்தமான வேலை எல்லாவற்றையும் செய்கிறாய். ஆனால் மனுச உடம்பு அந்த ஸ்கேன் படம் இல்லை. அது வழியும், ஒழுகும், மணக்கும், பிள்ளை பெறும்போது எல்லாமே ஒன்றாக நடக்கும். பிறகு ஒரு பிள்ளை வரும், அது உன் தோளில் பால் கக்கும், உன் மடியில் கக்கா இருக்கும். அப்போது எந்தப் பால்கனிக்குப் போகப் போகிறாய்? கையுறையை எந்த வாசலில் வைப்பாய்?

அதனால் சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை கெல்லருக்குப் போய் அந்தப் பெட்டியை எடு. வண்டியில் பூட்டு. வைன் போத்தல்களுக்கு வேறு இடம் பார். அடுத்த பயணத்தில் உன் மனைவி உள்ளேயே போகட்டும், தண்ணீர் தாராளமாகப் பாவிக்கட்டும், சிக்கனம் சொல்லாதே. காலையில் நீ தூக்கு. நிறையும் வரை பார்த்துக்கொண்டிருக்காதே, அரைவாசியில் தூக்கினால் தளம்பாது. குழியில் ஊற்றும்போது காற்றுப் போகிற அந்தச் சின்னப் பொத்தானை அமத்திப் பிடி, இல்லாவிட்டால் உன் சப்பாத்தில் தெறிக்கும். முதல் தடவை ஓங்காளிக்கும். ஓங்காளித்துக்கொண்டே ஊற்று. வண்டிக்குத் திரும்பி வரும்போது முகத்தை என்ன மாதிரி வைத்திருக்கிறாய் என்பதை அவள் ஜன்னலால் பார்ப்பாள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன்னால் ஏலாது என்றால் அதையும் எனக்கு இப்போதே சொல்லு, ஒளிக்காதே. பேறுகாலத்துக்கு நான் ரயிலேறி வருவேன். அவளோடு பிரசவ அறைக்குள் போவேன். கையைப் பிடிப்பேன், முதுகைத் தேய்ப்பேன், துடைக்க வேண்டியதைத் துடைப்பேன், எதற்கும் மூக்கைச் சுருக்க மாட்டேன். நீ வெளியில் கோப்பி குடித்துக்கொண்டு இருக்கலாம், உன் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். நீ பிறந்த அன்று என் பக்கத்தில் நின்ற தாதி மிகவும் நல்லவள், விடாமல் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுடைய முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த அறையின் கதவைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன், அது என்ன நிறம் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அம்மா